2147483647 (எண்)

2147483647 ஒரு பகா எண். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று இதை வாசிக்க வேண்டும். 2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் (2³¹ − 1) கிடைப்பதால் இது மெர்சென் பகா எண் வகையைச் சேர்ந்தது, அவ்வரிசையில் எட்டாவது. அடுக்காக நிற்கும் 31-உம் ஒரு மெர்சென் பகா எண்ணே (2⁵ − 1). ஆகவே இது இரட்டை மெர்சென் பகா எண்ணும் ஆகும். அந்த அரிய வகையில் 7, 127, 2147483647, 2¹²⁷ − 1 ஆகிய நான்கு மட்டுமே இதுவரை அறியப்பட்டுள்ளன.

2147483647 பகா எண் என்று இத்தாலியக் கணிதர் பியெத்ரோ கத்தால்தி 1603-இலேயே கூறியிருந்தார். ஆனால் 23, 29, 37 ஆகிய அடுக்குகளுக்கும் அவர் அதையே கூற, அந்த மூன்றும் பிற்காலத்தில் பிழையாயின. இதை ஐயமற நிறுவியவர் கணிதர் லெயோனார்டு ஆய்லர். 1772-இல், பார்வையை ஏறக்குறைய முழுதும் இழந்திருந்த நிலையில், அவர் இதைக் கணிதர் பெர்னூலிக்குக் கடிதத்தில் தெரிவித்தார்.

அவர் கையாண்ட வழியே இந்த எண்ணின் வரலாற்றில் மிக அழகான பகுதி. ஓர் எண் பகா எண்தானா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இங்கே வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டுகிறது. அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் உள்ளன. ஆய்லர் இப்பட்டியலைச் சுருக்கினார்: 2147483647-ஐ வகுக்கும் பகா எண் ஏதேனும் இருந்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் எண்களைத் தவிர மற்றவற்றைத் தொடவே வேண்டாம். 63 தானே பகு எண். அதையும் 1-ஐயும் விலக்கினால் எஞ்சுபவை 372. அவற்றில் எதுவும் இதை மீதியின்றி வகுக்கவில்லை.

2147483647-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்ணான (தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) 2305843008139952128 வரும். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ எழுதினார். 1876-இல் கணிதர் எதுவார் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவியபோது அந்தக் கணிப்பு பொய்த்தது.

2147483647-ஐ 8-ஆல் வகுக்க 7 மீதி வருவதால், இதை இரண்டு அல்லது மூன்று வர்க்க எண்களின் கூட்டலாக எழுத முடியாது, நான்கு தேவை. இரும முறையில் இது 31 ஒன்றுகளின் வரிசை. அதனால்தான் குறியுடைய 32 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பாகக் கணினிகளில் நிற்கிறது. 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை இவ்வகை எண்ணில் எண்ணிவரும் பழைய கணினி அமைப்புகள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இந்த உச்சத்தைத் தொடும். அடுத்த நொடி அவற்றின் கணக்கு எதிர்மறைக்குத் தாவி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.