பெண்டாங் காட்டில் பங்கர் உண்டா?

கெடா மாநிலத்தின் பெண்டாங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களிடம் ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டால், பேச்சு எப்படியும் காட்டுக்குள் இருக்கும் பங்கருக்கு வந்துவிடும். வெள்ளைக்காரன் கட்டியது என்பார் ஒருவர். ஜப்பான்காரன் வெட்டியது என்பார் இன்னொருவர். கட்டியதா, வெட்டியதா? சிமெண்டா, மண்ணா? தேடல் இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

முதலில் ஆவணங்கள். 1941 டிசம்பரில் கெடாவைக் காத்து நின்றது 11-ஆவது இந்தியப் படைப்பிரிவு. அதன் அரண்வரிசை அலோர் ஸ்டாருக்கு வடக்கே, ஜித்ராவில். மலாயாப் படைத் தளபதி பெர்சிவலின் போர் அறிக்கை 1948 பிப்ரவரியில் லண்டன் அரசிதழின் இணைப்பாக வெளிவந்தது. அதில் காணக் கிடைப்பது முடிவுறாத அரண். தாய்லாந்துக்குள் முந்திச் சென்று தாக்கும் 'மாட்டடோர்' திட்டத்துக்காகப் படைப்பிரிவு காத்திருந்தது. டிசம்பர் 8 அன்று திட்டம் கைவிடப்பட்டதும் ஜித்ராவைக் காக்கும்படி உத்தரவு வந்தது. மழைநீர் தேங்கிய குழிகளில் நின்றபடி சிப்பாய்கள் அவசர அவசரமாக முள்கம்பி இழுத்தார்கள், கண்ணிவெடி புதைத்தார்கள்.

எதிர்த்தரப்புச் சாட்சி வேறு விதமாகப் பேசுகிறது. ஜப்பானிய அதிகாரி ட்சுஜி மசனோபுவின் நினைவுநூலில் ஜித்ரா மூன்று மாதம் தாங்க வேண்டிய பலமான அரண். அதைத் தங்கள் முன்னணிப் படையினர் சுமார் 500 பேர் 15 மணி நேரத்தில் உடைத்தார்கள் என்கிறார். வென்றவருக்குக் கோட்டையைப் பெரிதாக்கவும், தோற்றவருக்கு அதன் குறைகளைப் பெரிதாக்கவும் காரணம் உண்டு. இருவர் சொல்லையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

இந்த இடத்தில் ஒரு கூலிக்கணக்கு உதவியது. தொழிலாளர் படைகளுக்கு லண்டன் போர் அலுவலகம் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 45 காசு. சிங்கப்பூரில் அன்று நடப்பிலிருந்த கூலி அதைவிட அதிகம் என்பதால் ஆள் சேரவில்லை. இதுவும் பெர்சிவல் தரும் தகவல்தான் என்பதால் எச்சரிக்கை தேவை. ஆனால், போருக்கு முன்பே நடந்த நிர்வாகச் சிக்கல் இது. ஒரு தோல்வியை மறைக்கப் புனைந்ததாகத் தோன்றவில்லை. மண்வெட்டி பிடிக்கவே ஆள் கிடைக்காத நாட்டில், போர் நெடுஞ்சாலையை விட்டு விலகிய பெண்டாங் காட்டில் சிமெண்ட் அரண் எழுந்திருக்குமா? சண்டை ஜித்ரா, அலோர் ஸ்டார், குருண் என்று பெருஞ்சாலையை ஒட்டியே தெற்கே இறங்கியது. பெண்டாங் அதற்குக் கிழக்கே ஒதுங்கிக் கிடக்கிறது.

இருந்தாலும் நிலத்தைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது. அதனால் ஓர் இரவில் காட்டுக்குள் போனோம். இரவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பகலில் புதரும் இலை நிழலும் மேடுபள்ளத்தை மறைத்துவிடும். இருட்டில் டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் சிறு வரம்புகூட நீளமாக நிழல் போடும். சிமெண்டாக இருந்தால், வார்க்கும்போது அடித்த பலகைகளின் வரிகள் துலங்கும்.

செம்பனைக்கு அப்பால், பழைய பால்மரங்கள் காடாகிப்போன சரிவில், அட்டைகளைத் தட்டிவிட்டபடி ஏறினோம். முதலில் தட்டுப்பட்ட குழிகள் ஒரே நீளத்தில், சரிவுக்குக் குறுக்கே, இடைவெளி விட்டு வரிசையாக இருந்தன. அவை மண் அரிப்பைத் தடுக்கத் தோட்டத்தில் வெட்டும் குழிகள்; போருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மேட்டின் உச்சியில் ஒன்று மட்டும் வேறுபட்டது. சற்று தூரம் ஓடி, முழங்கை போல மடங்கி, மறுபடி நீண்டது. ஒரு முனையிலிருந்து சுட்டால் குண்டு முழு நீளத்துக்கும் பாயாதபடி மடக்கி வெட்டுவது படையினர் வழக்கம். உள்ளே ஈரமண்ணும் வேரும்தான். சிமெண்ட் துணுக்கு ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் 1941-இல் வெட்டியதா? அவசரப்பட முடியாது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களுக்குக் காவல் போட்டிருந்தார்கள். காவலர்களும் இப்படிக் குழி வெட்டியிருக்கலாம். என் முடிவு இவ்வளவுதான்: அந்த மேட்டில் இருப்பது மண்குழி, சிமெண்ட் பங்கர் அல்ல; அது ஜித்ரா அரண்வரிசையைச் சேர்ந்ததும் அல்ல.

வெட்டியவர் யார் என்று சொல்லக்கூடியது தோட்டத்துச் செக்ரோல். இன்னார் இன்ன நாளில் இன்ன வேலைக்குப் போனார் என்று கிராணி எழுதிவைத்த வருகைப் பதிவேடு அது. தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்படும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பழைய பேரேடு இருந்தால், கரையான் அரித்திருந்தாலும் எரித்துவிடாதீர்கள். அருகிலுள்ள நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ சேர்த்துவிடுங்கள்.