தலை எண்ணி வாங்கும் வரி

தருமபுரி மாவட்டத்தின் கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிகளுக்குச் சொந்த வருவாய் என்று இருப்பவை சிலவே. அவற்றுள் தொழில் வரி தனித்தன்மை உடையது. அது ஆளுக்கு ஆள் விதிக்கப்படுகிறது. அரையாண்டு வருமானம் ரூ.21,000-ஐத் தாண்டும் ஒவ்வோர் ஊழியரிடமும் நிறுவனம் பிடித்தம் செய்து உள்ளாட்சிக்குச் செலுத்த வேண்டும். பத்துப் பேர் செய்த வேலையை ஓர் இயந்திரத்தின் துணையுடன் இருவரே செய்யத் தொடங்கினால், எட்டுப் பேரின் வரி நின்றுவிடும். எஞ்சிய இருவரின் ஊதியம் உயர்ந்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. ஒருவரிடம் ஆண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் வாங்கக் கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு. 1988-இல் விதித்த உச்சவரம்பு இன்றும் அதுதான். சொத்து வரியோ கட்டடத்தின் பரப்பைப் பார்க்குமே அன்றி, உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பார்ப்பதில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் போச்சம்பள்ளியில் அமைந்த ஓலா மின் ஸ்கூட்டர் ஆலையில், முழுத் திறனை எட்டும்போது 3,000-க்கும் மேற்பட்ட ரோபோக்கள் இயங்கும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஆலையால் மாநிலத்துக்கு வருவது என்ன? சரக்கு-சேவை வரி, பொருள் எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே சேரும். இங்கு உருவாகும் வண்டி புணேயில் விற்றால் மாநிலப் பங்கு மகாராஷ்டிரத்துக்கு. லாபத்தின் மீதான வரி தில்லிக்குப் போகிறது. மாநிலங்களுக்குப் பகிரப்படும் தொகையில் தமிழகத்தின் பங்கு சுமார் 4 விழுக்காடு. ஆக, உற்பத்தி நடக்கும் ஊருக்கு உறுதியாகக் கிடைப்பது தொழிலாளி வாங்கும் கூலியும், அதை அவர் உள்ளூர்க் கடையில் செலவழிக்கும்போது எழும் வரியும்தான். ஆட்குறைப்பு அந்த ஊற்றையே அடைக்கிறது.

'ரோபோ வரி' விதிக்கலாம் என்று 2017-இல் பில் கேட்ஸ் கூறினார். அதே ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றம் அந்த யோசனையை நிராகரித்தது. தென் கொரியா புது வரி எதையும் போடாமல், தானியங்கி இயந்திர முதலீட்டுக்கு அளித்துவந்த வரிச்சலுகையைக் குறைத்தது. அதுவே விவேகமான வழி. எது ரோபோ, எது சாதாரண இயந்திரம் என்று வரையறுக்கப் புகுந்தால் நெல் அறுக்கும் இயந்திரமும் வழக்கு மன்றம் ஏறும்.

உள்ளாட்சிகளின் இழப்புக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. தமிழக அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை மாநில நிதி ஆணையப் பரிந்துரையின்படி அவற்றுக்குப் பகிர்கிறது. ஆலைகளின் உற்பத்தி மதிப்பையும் அந்தப் பகிர்வுக்கு ஓர் அளவுகோலாக அடுத்த ஆணையம் சேர்க்கலாம். அதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை.