கேடிலாக்: ஒரு பெயர் பெரிய பெயரான கதை

செமஸ்டர் தேர்வு, ரெக்கார்டு நோட்டு என்று கழுத்து வரை வேலை. அதனால் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்த முறை கார் பற்றி ஒரு கட்டுரை. "உனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாதே" என்று என் வகுப்புத் தோழர்கள் சிரிக்கலாம். பரவாயில்லை, இது ஓட்டுகிற கட்டுரை இல்லை, வரலாறு.

எங்கள் மெட்ராலஜி லேபில் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே சின்னச் சின்ன எஃகுக் கட்டைகள் அடுக்கியிருக்கும். ஸ்லிப் கேஜ் என்று பெயர். இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று அழுத்தித் திருகினால் பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். மைக்ரோமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதே இதை வைத்துத்தான். அன்று மூன்று முறை ரீடிங் தப்பாக எடுத்துவிட்டு, "ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு. இதுக்கா இவ்வளவு அக்கப்போர்?" என்று முணுமுணுத்தேன். சார் காதில் விழுந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். "கேடிலாக் கார் பேர் எடுத்ததே இந்த அக்கப்போரால்தான்பா, போய்ப் படிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

படித்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு.

ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. எந்தப் பொருளானாலும் அதில் மிக உயர்ந்ததை, "இது இந்த வகையில் கேடிலாக்" என்பார்கள். குளிர்சாதனப் பெட்டியில் கேடிலாக், தையல் மெஷினில் கேடிலாக். ஒரு கம்பெனிப் பெயர் அளவுகோலாகவே ஆவது சாதாரண விஷயமில்லை. ஆனால் அந்தப் பெயரின் பூர்வீகத்தைத் தோண்டினால் சிரிப்பு வரும்.

1658-ல் பிரான்சின் தென்மேற்கில் ஒரு சின்ன ஊரில் அந்துவான் லோமே என்று ஒருவர் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். பிரபு வம்சமெல்லாம் கிடையாது. பையன் கடல் கடந்து வட அமெரிக்கா போனார். அங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்ற தைரியத்தில், "அந்துவான் த லா மோத், கேடிலாக் பிரபு" என்று பெயரை மாற்றிக்கொண்டார். குலச்சின்னமும் தானே தயார் செய்துகொண்டார், பக்கத்து ஊர் உண்மையான பிரபுவின் சின்னத்தைக் கொஞ்சம் பார்த்து! இந்த ஆசாமிதான் 1701-ல் டெட்ராய்ட் நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டவர். 200 வருடம் கழித்து டெட்ராய்டில் ஒரு கார் கம்பெனி தொடங்கியபோது, ஊரை நிறுவியவர் நினைவாக அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் குலச்சின்னத்தையும் காரின் மூக்கில் ஒட்டினார்கள். அலகும் காலும் இல்லாத குட்டிப் பறவைகள் அதில் வரிசையாக இருக்கும். 2000 வாக்கில்தான் அந்தப் பறவைகளை எடுத்தார்கள்.

ஆக, பெயரும் இரவல், சின்னமும் இரவல். மதிப்பு எங்கிருந்து வந்தது?

ஹென்றி லீலண்ட் என்பவரிடமிருந்து. (நம்ம ஊர் அசோக் லேலண்டுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. அது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர்.) 1843-ல் பிறந்தவர். துப்பாக்கித் தொழிற்சாலைகளிலும், பிறகு பிரவுன் அண்ட் ஷார்ப் என்ற அளவுகருவிக் கம்பெனியிலும் வேலை பழகியவர். துப்பாக்கியில் ஒரு பாகம் உடைந்தால், அதே அளவில் இன்னொன்றை மாட்டினால் உடனே சுட வேண்டும். போர்க்களத்தில் அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாதே. அந்தப் பழக்கத்தைத்தான் அவர் காருக்குக் கொண்டுவந்தார்.

1902-ல் ஹென்றி ஃபோர்டு தன் பெயரில் இருந்த ஒரு கம்பெனியிலிருந்து பங்குதாரர்களோடு சண்டை போட்டு வெளியேறினார். மிச்சமிருந்த பங்குதாரர்கள் எல்லாவற்றையும் விற்று மூட நினைத்து, மெஷின்கள் என்ன விலை போகும் என்று மதிப்புப் போட லீலண்டை அழைத்தார்கள். வந்தவர், "மூடாதீர்கள், என்னிடம் ஒரு நல்ல எஞ்சின் இருக்கிறது, அதை வைத்துக் கார் செய்யுங்கள்" என்றார். அப்படிப் பிறந்ததுதான் கேடிலாக். ஃபோர்டு விட்டுப்போன சாம்பலில் முளைத்த செடி! இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்கள் தச்சு வேலை போலத்தான் தயாராகும். ஒவ்வொரு பாகத்தையும் தேய்த்து, தட்டி, அந்த ஒரு காருக்கு மட்டும் பொருந்தும்படி செய்வார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு கார்களுக்கு இடையில்கூட பாகங்கள் மாறாது. லீலண்ட் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்குப் பார்த்தார். 1908 வாக்கில் சுவீடன்காரர் யோஹான்சன் கண்டுபிடித்த அளவுக் கட்டைகளைத் தன் தொழிற்சாலைக்கு வாங்கினார். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அதை முதலில் பயன்படுத்தியவர் அவர்தான் என்கிறார்கள். அந்தக் கட்டைகள்தான் எங்கள் லேப் மரப்பெட்டியில் தூங்குகிற ஸ்லிப் கேஜ்.

இதற்கு ஒரு சோதனை வந்தது. 1908-ல் இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் ஒரு போட்டி வைத்தது. லண்டனில் விற்பனைக்கு இருந்த கார்களிலிருந்து மூன்று கேடிலாக்குகளை எடுத்து, புரூக்லாண்ட்ஸ் ஓட்டப்பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றையும் நட்டு போல்ட் வரை பிரித்துப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களைத் தூக்கிவிட்டு, ஸ்டாக்கில் இருந்த புதுப் பாகங்களை வைத்தார்கள். பிறகு மெக்கானிக்குகள் அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்களைத் திரும்பக் கோத்தார்கள். கையில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் மட்டும். அரம் தொடக் கூடாது. பல நிறம் கலந்து கோமாளி மாதிரி நின்ற அந்தக் கார்கள் ஸ்டார்ட் ஆகி, 500 மைல் ஓடின. அந்த ஆண்டின் டெவார் கோப்பை கேடிலாக்குக்கு. "உலகத்தின் தரம்" என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் உரிமையும் கூடவே வந்தது.

எனக்கு இந்த இடத்தில் உண்மையாகவே புல்லரித்தது. யாரோ ஒருவர் டெட்ராய்டில் பொறுமையாக அளந்ததற்கு, கடல் தாண்டி இங்கிலாந்தில் பலன் கிடைக்கிறது!

1909-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கேடிலாக்கை வாங்கியது. லீலண்ட் பொறுப்பில் தொடர்ந்தார். அதுவரை காரை முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஹேண்டில் திருப்பி அடித்தால் கை முறியும், தாடை உடையும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டரை 1912 மாடல் கேடிலாக்கில் வைத்தார்கள். அதற்கு இன்னொரு டெவார் கோப்பை. 1915 மாடலில் வி-8 எஞ்சின். இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம்.

1917-ல் போர் விமான எஞ்சின் தயாரிப்பது தொடர்பான தகராறில் லீலண்ட் வெளியேறினார். அப்போது வயது 74. வீட்டில் உட்காரவில்லை மனிதர். லிங்கன் என்று இன்னொரு கம்பெனி தொடங்கினார். அது கடனில் மூழ்கி 1922-ல் ஏலத்துக்கு வந்தது. 80 லட்சம் டாலருக்கு எடுத்தவர் யார் தெரியுமா? ஹென்றி ஃபோர்டு! சில மாதங்களிலேயே லீலண்டும் அவர் மகனும் வெளியே. அமெரிக்காவின் இரண்டு பெரிய சொகுசு கார்களையும் பெற்ற ஒரே தகப்பன், கடைசியில் இரண்டு வீட்டிலும் இல்லை.

அடுத்த பகுதி கார் தொழில்நுட்பம் இல்லை, மனிதர்கள். இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்ததும் இதுதான்.

1930 ஜனவரியில் கேடிலாக் 16 சிலிண்டர் எஞ்சினோடு ஒரு ராட்சசக் காரை வெளியிட்டது. மூன்று மாதம் முன்னால்தான் பங்குச் சந்தை சரிந்திருந்தது. நேரம்! விற்பனை படுத்துவிட்டது. கேடிலாக்கையே மூடிவிடலாமா என்று பேச்சு வந்தது. அப்போது சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நிக்கலஸ் டிரைஸ்டாட் என்ற ஜெர்மன்காரர் ஒன்றைக் கவனித்திருந்தார். சர்வீஸுக்குக் கார் கொண்டுவருகிறவர்களில் நிறையப் பேர் கறுப்பின மக்கள். டாக்டர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள். ஆனால் கறுப்பர்களுக்குக் கார் விற்பதில்லை என்பது கம்பெனியின் கொள்கை! பிறகு எப்படி வாங்கினார்கள்? ஒரு வெள்ளைக்காரருக்குப் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்க வைத்திருக்கிறார்கள். சொந்தக் காசில் கார் வாங்க இன்னொருவனுக்குக் கமிஷன். டிரைஸ்டாட் நிர்வாகக் குழுவின் முன் போய், நேரடியாக விற்க அனுமதியுங்கள் என்று வாதாடி வென்றார் என்று மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1934-ல் டிரைஸ்டாட் கேடிலாக்கின் தலைவரே ஆனார். கம்பெனி பிழைத்தது.

இதில் கேடிலாக்கைப் பெரிதாகப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. மனசாட்சி உறுத்தித் திறந்த கதவில்லை அது, கல்லா காலியானதால் திறந்தது. ஆனால் அந்தப் பக்கம் நின்றவர்களை யோசித்துப் பாருங்கள். கையில் பணம் இருந்தாலும் நல்ல தெருவில் வீடு தர மாட்டார்கள். நல்ல ஹோட்டலில் அறை தர மாட்டார்கள். கார் ஒன்றுதான் காசு கொடுத்தால் கிடைக்கும் மரியாதை, அதுவும் ரோட்டில் எல்லோர் கண்ணிலும் படும் மரியாதை. 1949-ல் எபனி என்ற கறுப்பர்களின் பத்திரிகை, கறுப்பர்கள் ஏன் கேடிலாக் ஓட்டுகிறார்கள் என்று ஒரு தலையங்கமே எழுதியது. வீண் பகட்டு என்று கேலி செய்தவர்களுக்குப் பதிலாக, இது நாங்களும் சமம் என்று சொல்லும் அடையாளம் என்று வாதிட்டது. அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பில் ஒரு பங்கை இவர்கள் போட்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

பிறகு வந்தது பொற்காலம். வடிவமைப்பாளர் ஹார்லி எர்லின் குழு, பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து மயங்கி, 1948-ல் காருக்கும் வால் வைத்தது. வருடா வருடம் அந்த வால் வளர்ந்து 1959-ல் மீன் துடுப்பு போல வானத்தைப் பார்த்து நின்றது. 1953-ல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பதவியேற்பு ஊர்வலத்தில் எல்டொராடோவில் நின்றபடி போனார். எல்விஸ் பிரெஸ்லி ரோஸ் நிற கேடிலாக்கை அம்மாவுக்குக் கொடுத்தார். அம்மாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடையாது!

1978-ல் ஏறக்குறைய 3.5 லட்சம் கார்கள். உச்சம். உச்சியிலிருந்து சறுக்க ஐந்து வருடம்கூட ஆகவில்லை.

எண்ணெய் நெருக்கடி, அரசின் மைலேஜ் விதிகள் எல்லாம் நெருக்கின. அவசரம் அவசரமாக மருந்து தேடினார்கள். டீசல் வி-8 எஞ்சின் வைத்தார்கள். டீசலின் அழுத்தத்தைத் தாங்காமல் ஹெட் கேஸ்கெட் போனது. 1981-ல் தேவைக்கேற்ப 8, 6, 4 சிலிண்டர்களில் ஓடும் எஞ்சின். யோசனை நல்ல யோசனைதான், இன்று பல கார்களில் இருக்கிறது. ஆனால் அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்லை. வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் போய் வயரைத் துண்டித்துக்கொண்டார்கள். இவற்றையாவது முயற்சி என்று மன்னிக்கலாம். 1982 மாடலாக வந்த சிமரான் மட்டும் மன்னிக்க முடியாதது. செவர்லே கவலியர் என்ற மலிவுக் காரை எடுத்து, தோல் சீட் போட்டு, கேடிலாக் சின்னத்தை ஒட்டி, 12,000 டாலர் விலை வைத்தார்கள். 1988 வரை சுமார் 1.3 லட்சம் கார்கள் விற்றன. வாங்கிய ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக் கவலியரைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்கள்?

புரூக்லாண்ட்ஸில் பாகங்களை மாற்றிப் போட்டும் அது கேடிலாக்காகவே ஓடியது. சிமரானில் சின்னத்தைக் கழற்றினால் கேடிலாக் எதுவுமே மிச்சமில்லை.

1989-ல் ஜப்பானின் லெக்சஸ் வந்தது. சத்தமில்லாமல், இடைவெளியே இல்லாத பொருத்தத்தோடு, அதாவது லீலண்டின் வேலையை லீலண்டின் ஊருக்கே திரும்ப விற்றது. 1998-ஆம் ஆண்டின் அமெரிக்க சொகுசு கார் விற்பனையில் தானே முதல் என்று கேடிலாக் அறிவித்தது. 1999-ல் அந்தக் கணக்கு தப்பு என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. உண்மையில் முதலிடம் யாருக்கு? லிங்கனுக்கு. கிழவர் மேலிருந்து சிரித்திருப்பார். அளவில் பிசகக் கூடாது என்றவரின் கம்பெனி, எண்ணிக்கையிலேயே பிசகியது.

அதன் பிறகு கொஞ்சம் எழுந்தது. எஸ்கலேட் ராப் பாடகர்களின் செல்லமானது. 2002-ல் வந்த சி.டி.எஸ். புது முகம் கொடுத்தது. அதன் வேகமான வகை 2008-ல் ஜெர்மனியின் நுர்பர்க்ரிங் தளத்தை 8 நிமிடத்துக்குள் சுற்றி முடித்தது. இப்போது லிரிக் போன்ற மின்சாரக் கார்கள். 2026 முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 11-வது அணியாக இடம். பழைய அரியணை திரும்பக் கிடைத்ததா என்றால், எனக்கு இல்லை என்றுதான் படுகிறது. ஆனால் கவனித்தீர்களா, கொஞ்சமாவது மதிப்பு திரும்பியது கடிகாரத்தின் முன் நின்ற பிறகுதான்.

அந்துவான் லோமே ஒரு பெயரை இரவல் வாங்கினார். லீலண்ட் அதை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலமாக அளந்து அளந்து உண்மையாக்கினார். ஒளித்து ஒளித்து வாங்கியவர்கள் அதற்கு மானத்தின் அர்த்தம் கொடுத்தார்கள். பின்னால் வந்த மேலாளர்கள், பெயர் இருக்கிறதே, போதும் என்று நினைத்தார்கள். என் கட்சி இதுதான். மறுப்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

அடுத்த வாரம் லேபுக்குப் போனேன். ரீடிங் நாலாவது முறை சரியாக வந்தது. "என்னப்பா, படிச்சியா?" என்றார் சார். "படிச்சேன் சார்" என்றேன். ஸ்லிப் கேஜைத் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் அதனதன் குழியில் வைத்துவிட்டு வந்தேன்.

சரி மக்களே, அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.