சோம்பலோ, நோயோ?

உடலில் காயமில்லை, காய்ச்சலில்லை, முகத்திலும் பெரிய வாட்டம் இல்லை. எனினும் ஒருவன், "என்னால் எழுந்து நிற்க முடியவில்லை, கால் எரிகிறது" என்று கூறுவானாயின், அவனை நோயாளி என்று ஏற்பவர் சிலர், சோம்பேறி என்று முடிவு கட்டுபவர் பலர். தோட்டத்துக் கிராணிகளாகிய எங்களுக்கு விடியற்காலைப் பெரட்டில் நாள்தோறும் காதில் விழும் சொல் அது. அச்சொல்லுக்கு இந்நாடுகளில் நெடிய சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் நடுவே இருப்பதோ நமது புழுங்கலரிசி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும், மலாயா, சிங்கப்பூர்ச் சிறைகளிலும் பெரிபெரி என்னும் வியாதி எண்ணற்றோரைக் கொண்டு சென்றது. முதலில் அயர்ச்சி தோன்றும். பின்னர்ப் பாதம் மரத்துப்போகும், கெண்டைக்காலைத் தொட்டாலே நோகும், நடை தளரும். சிலருக்குக் கால் வீங்கி இருதயம் ஓய்ந்துவிடும். உள்ளே வாடுவது நரம்பு. நரம்பைக் கண்ணாற் காண்பவர் யார்? கிருமி என்றனர் ஒரு சாரார். ஈர நிலத்தின் தோஷம் என்றனர் மற்றொரு சாரார்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஊரில் வாழ்ந்து ஒரே தண்ணீரைக் குடிப்பவருள் சீனத் தொழிலாளர் மிகுதியாக மாள்கின்றனர். தமிழரோ அரிதாகவே நோயுறுகின்றனர். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பழைய வெள்ளையரிசியில் ஏதோ விஷம் உண்டென்று அவர் 1907இல் நூல் எழுதினார். விஷம் என்றது பிழை. அரிசி என்றது சரி.

கோலாலம்பூர்ப் பைத்திய ஆஸ்பத்திரியில் 1905–06இல் பிளெட்சர் என்பவர் நோயாளரை இரு கூறாக்கி, ஏறத்தாழ 120 பேருக்கு வெள்ளையரிசியும், ஏறத்தாழ அத்தனை பேருக்கே புழுங்கலரிசியும் அளித்தார். வெள்ளையரிசி உண்டோருள் முப்பதுக்கு மேற்பட்டோர் பெரிபெரியுற்றனர். 18 பேர் மாண்டனர். மற்றவருள் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் நோயோடு வந்தவர்கள். வாய் பேசி வழக்குரைக்க இயலாத எளியோர்மீது இப்பரிசோதனை நடந்தது என்பது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. அடுத்து, கோலாலம்பூர் வைத்திய ஆராய்ச்சி நிலையத்துப் பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலபு வட்டாரத்துக் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடையே அதே சோதனையை நடத்தினர். இடையில் அரிசியை மாற்றியும் கொடுத்தனர். அரிசி சென்ற இடமெல்லாம் நோயும் சென்றது.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முழுதும் போவதில்லை. அவ்வரிசியின் வாடை பொறாதார் உண்டு. அந்த வாடையே தோட்டத் தமிழனின் நரம்பைக் காத்தது. அச்சத்தை 1926இல் பத்தேவியாவில் யான்சனும் தோனத்தும் பிரித்தெடுத்தனர். 1936இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய வில்லியம்ஸ் பிறந்த ஊர் நமக்கு அண்டையிலுள்ள நெல்லூர். பி1 வைட்டமின் என்று இன்று மாத்திரையாக விற்பது அதுவே.

இவ்வளவும் அறிந்த பின்னரும் அந்நோய் மீண்டது. வலிய மரமொன்றின் பெயர் தாங்கிய தெம்பனிஸுக்குக் கிழக்கே அடுத்திருப்பது சாங்கி. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஏறக்குறைய 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் அங்கே சிறைப்பட்டனர். உணவு, பெரும்பாலும் வெள்ளையரிசி. சில திங்களில் பாத எரிச்சல் கண்டது. பகலினும் இரவிற் கொடிது. போர்வை படினும் பொறுக்காது. குளிர்ந்த தண்ணீரிற் காலை வைத்தும், விடியுமளவும் நடந்தும் இரவைக் கழித்தனர். "இன்பப் பாதம்" என்று தமக்குள் வேடிக்கையாய்ப் பெயரிட்டுக்கொண்டனராம்! கைதிகளாயிருந்த வைத்தியர் காரணம் அறிந்திருந்தும் மருந்தின்றிப் புல்லிலும் இலையிலும் சாறெடுத்துக் கொடுத்தனர்.

விடுதலை வந்தது, சோறும் மருந்தும் வந்தன. வலி எல்லாரையும் விட்டு நீங்கவில்லை. தூரகிழக்கில் கைதிகளாயிருந்த 898 பேரை 1968 முதல் 1981 வரை பிரிட்டனில் பரிசோதித்தபோது, 49 பேரிடம் அக்காலத்து நரம்புக் கோளாறு இன்னும் எஞ்சியிருந்தது. காரணம் நீங்கியும் நோய் நிற்கக்கூடும் என்பதற்கு இதனினும் சாட்சி வேண்டுமோ?

காரணமே தெரியாத அயர்ச்சி நோயாளரின் கதி இன்னும் கடினம். 1955இல் லண்டன் ராயல் பிரீ ஆஸ்பத்திரி ஊழியருள் 292 பேர் அயர்ச்சியும் தசை நோவுமாய் வீழ்ந்தனர். 1970இல் இரு மனநோய் வைத்தியர், அந்நோயாளரை நேரிற் பாராமல் பழைய குறிப்புகளைப் படித்து, அது வெறும் மனமயக்கம் என்று தீர்ப்பளித்தனர். நோயுற்றவரிற் பெரும்பாலார் பெண்கள் என்பதும் அவர்களுக்கு ஒரு காரணம்! 1988இல் அமெரிக்காவில் இத்தகைய நோய்க்கு நாட்பட்ட அயர்ச்சி நோய் என்று பெயரிட்டனர். அது மெய்யான உடல்நோயே என்று அமெரிக்க வைத்தியக் கழகத்தின் அறிக்கை உரைக்க 2015 ஆயிற்று. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டுக என்ற பழைய உபதேசத்தைப் பிரிட்டிஷ் வைத்திய விதி 2021இல் கைவிட்டது. ஏனெனில் உழைத்த மறுநாள் நோய் முற்றுவதே இதன் தனி இலக்கணம்.

இதற்குத் தவிடு மருந்தன்று. இதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் இன்னும் இல்லை. நோயாளர் தம் பலத்தை மாதக் கடைசிச் சம்பளம்போல் எண்ணிச் செலவிடுகின்றனர்: இன்று சமைத்தால் நாளை துவைப்பதில்லை, மாலையில் விருந்தினர் வருவாராயின் காலை முழுதும் படுத்திருக்கின்றனர்.