செத்தல் மிளகாயும் வெளுத்த விரலும்

சாமுவேல் தொம்சன் ஒரு கமக்காரனின் மகன். 1769இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். மருத்துவக் கல்லூரிப் பக்கமே போகாதவர். உடல் நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கால் ஆனது, தீ தணிந்து குளிர் ஏறும்போது நோய் வருகிறது, எல்லா நோய்க்கும் அடிப்படை அந்தக் குளிர்தான் என்பது அவருடைய கொள்கை. சூடு, குளிர்ச்சி என்று சாப்பாட்டையே பிரித்துப் பார்த்து வளர்ந்த எனக்கு அவரைப் படிக்கும்போது அந்நியராகவே தெரியவில்லை.

அவருடைய வைத்தியமும் அப்படித்தான். முதலில் லொபீலியா என்ற செடியைக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார். அடுத்தது மிளகாய்த் தூள். உள்ளே ஏற்றிய சூட்டைத் தங்க வைப்பது அதன் வேலை. கூடவே வேது பிடித்தல். 1809இல் அவரிடம் மருந்தெடுத்த எஸ்ரா லவெற் என்ற இளைஞர் இறந்துபோக, கொலைக் குற்றம் சாட்டி விசாரித்தார்கள். நம்முடைய சேலம் அல்ல, மசாச்சூசெற்ஸில் இருக்கும் சேலம். விடுதலையானார். 1813இல் தன் முறைக்குக் காப்புரிமையே வாங்கி, 20 டொலருக்கு ஒரு குடும்பம் பாவிக்கலாம் என்று உரிமை விற்றார். 1830களின் கடைசியில் கொஃபின் என்ற அமெரிக்கர் இந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். வடக்கின் ஆலைத் தொழிலாளர்களிடம் அது நன்றாகப் பரவியது. குளிர்ந்த கைகாலுக்கு மிளகாய் என்ற ஆலோசனை மேற்கின் மூலிகைக் கடைகளில் இன்றும் கேட்கக் கிடைப்பதில் இவர்களுக்குப் பெரிய பங்குண்டு.

தொம்சன் 1843இல் இறந்தார். 1862இல் பாரிஸில் மொறிஸ் ரேனோ என்ற இளம் மருத்துவர் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதில் ஒரு பெண் வருகிறார், வயது 26. கோடையிலும்கூட, இலேசான குளிர் பட்டாலே அவருடைய விரல்கள் இரத்தமற்று வெளுத்து மரத்துவிடும். பிறகு கடும் வலியோடு நிறம் திரும்பும். ரேனோ உடலின் பொதுவான சூட்டைப் பற்றிப் பேசவில்லை. விரலுக்குப் போகும் குழாய்கள் இறுகி மூடிக்கொள்வதைப் பற்றிப் பேசினார். 'கை குளிருது' என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருப்பதை அந்த ஆய்வேடு காட்டியது. ஆனால் அது மருத்துவர்களின் அலமாரிக்குப் போனது. மிளகாய் சனங்களிடமே இருந்தது.

எங்களிடமும் இருந்தது. நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மீன் தொழிற்சாலைகளில் நின்ற தமிழர் பலர். நானும் நின்றேன். ஐஸில் கிடந்த மீனை நாள் முழுக்க வெட்டிய கைக்கு, செத்தல் மிளகாயை இடித்து நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். வேர்க்கொம்பு போட்டுக் கோப்பி குடித்தோம். சுகமாகத்தான் இருந்தது. எங்களோடு நின்ற அக்கா ஒருவருக்கு மட்டும் விரல்கள் லீவு நாளிலும் மெழுகுபோல வெளுக்கும். அவ ஆறு வருஷம் எண்ணெய் பூசினா. கடைசியில் மருத்துவரிடம் போனபோது, தோலை இறுக்கும் ஸ்கிளெரோடெர்மா என்றார்கள். விரல் வெளுப்பு அந்த நோயின் முதல் அறிகுறியாக, சில வேளை பல வருஷம் முந்தியே வரக்கூடும். எண்ணெய் நோயைக் கொண்டுவரவில்லை. ஆறு வருஷத்தைத்தான் கொண்டுபோனது.

மிளகாய் என்ன செய்கிறது என்பது 1997இல் துலங்கியது. டேவிட் ஜூலியஸின் ஆய்வுகூடம், நரம்பு முனையில் மிளகாயின் கப்சேசின் போய் ஒட்டும் புரதத்தை அடையாளம் கண்டது. ஏறக்குறைய 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டையும் அதே புரதம்தான் உணர்கிறது. 2021இல் இதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக, மிளகாய் அனுப்புவது சூட்டின் சேதி. அதை நம்பி உடம்பு வியர்க்கிறது, இருக்கிற சூட்டையும் வெளியே விடுகிறது. பனியில் நிற்பவருக்கு இது உதவியல்ல. பூசினால் கதை கொஞ்சம் வேறு. அந்த நரம்பு முனைகள் சுரக்கும் பொருள் பக்கத்துச் சிறு குழாய்களை உண்மையாகவே விரிக்கும், தோல் சிவக்கும். தொம்சனுக்கு அந்தளவு நியாயம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிவப்பு பூசிய இடத்தோடு சரி. ரேனோ பார்த்த இறுக்கத்துக்கு இன்று முதலில் கொடுப்பது நிஃபெடிபின் போன்ற, குழாயைத் தளர்த்தும் மாத்திரைகள். அதற்கும் முன்னால் கையுறை, உடம்பு முழுக்கக் கதகதப்பு, புகைத்தலை விடுதல்.

கப்சேசினுக்கு மருத்துவமனையில் இடமில்லை என்றில்லை. 8 வீதம் கப்சேசின் கொண்ட ஒட்டுத்துணிக்கு 2009இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அம்மை வகையைச் சேர்ந்த அக்கி வந்துபோன பிறகும் விடாத நரம்பு வலிக்கு அதை ஒட்டுகிறார்கள், அந்த நரம்பு முனைகளை மாதக்கணக்கில் ஓய வைப்பதற்காக. ஒட்டும் தாதி நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்வார். சாதாரண ரப்பர் கையுறை அந்தக் காரத்தைத் தடுக்காது.