எதிர்ப்பொருள் இருந்தும் ஏன் காக்கவில்லை?

1986-இல் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சென்னையிலிருந்து கொண்டுவந்த இரத்த மாதிரிகளை எங்கள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது, ஆறில் எச்.ஐ.வி. தொற்று தென்பட்டது. இந்தியாவில் அதுவே முதன்முறை. அச்சோதனை தேடியது வைரஸை அன்று. அதற்கெதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளை. எதிர்ப்பொருள் இருந்தும் நோய் ஏன் அடங்கவில்லை? பொருளியல் படித்த என்னை நெடுநாள் உறுத்திய கேள்வி இது.

ஆம்பூர் காலணி ஆலைகளில் தோலை அச்சின்மேல் இழுத்துப் பொருத்துவார்கள். அச்சு சற்றே மாறினாலும் காலணி பொருந்தாது. எதிர்ப்பொருளும் வைரஸ் உறைப் புரதத்தின் வடிவத்துக்கேற்ப அமைவதே. எச்.ஐ.வி.யோ தன்னைப் படியெடுக்கையில் பிழை திருத்துவதில்லை. வடிவம் ஓயாமல் மாறுகிறது. உறையின் 332-ஆம் இடத்துச் சர்க்கரைத் தொடர் 334-க்கு நகர்ந்தால் போதும், அதைப் பற்றும் 10-1074 என்னும் வலிய எதிர்ப்பொருள் பிடி இழக்கிறது.

வைரஸ் எளிதில் மாற்ற இயலாத பகுதியைப் பற்றுவது விஆர்சி01. ஏறத்தாழ 4,600 பேரிடம் நடந்த அதன் பரிசோதனையின் முடிவு 2021-இல் வெளியானது. ஒட்டுமொத்தமாகத் தொற்றைத் தடுக்கவில்லை. எளிதில் அடங்கும் வைரஸ்களை மட்டும் 75 விழுக்காடு தடுத்தது. அத்தகையவை சுமார் 30 விழுக்காடே. ஆகவேதான் இப்போது இரண்டு, மூன்று எதிர்ப்பொருள்களைச் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

அப்பரிசோதனையில் இந்தியா இல்லை. இங்கு மிகுந்துள்ள சி வகை, ஆப்பிரிக்கச் சி வகையிலிருந்து பிரிந்த தனிக்கிளை. விலை பேசுவதற்கு முன், நம்மிடையே பரவும் வைரஸ் எந்தக் கலவைக்கு அடங்கும் என்பதை நம் ஆய்வகங்களே அளந்தாக வேண்டும்.