கம்பத்துப் பிடானும் தோட்டத்து மருத்துவச்சியும்

இயற்கை முறையில் பிள்ளை பெற வேண்டும், அதற்குத் துணை நிற்க அருகிலேயே ஒரு மருத்துவச்சி வேண்டும் என்று தேடும் இளந்தம்பதியர் இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றனர். இதைப் புதுமோகம் என்று ஒதுக்குவோர் உண்டு. பாட்டி காலத்து வழக்கம் திரும்புகிறதே என்று மகிழ்வோரும் உண்டு. இரு சாராருமே இந்த மண்ணின் மகப்பேற்று வரலாற்றைப் பாதிதான் பார்க்கின்றனர்.

பாட்டி காலம் என்று சொல்லப்படும் அந்தக் காலத்தின் கணக்கு இது. 1950-ஆம் ஆண்டு வாக்கில் மலாயாவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 500-க்கும் அதிகமான தாய்மார்கள் இறந்தனர். பேறுகால உதிரப்போக்கு, பிரசவ ஜன்னி, வலிப்பு ஆகியவையே பெரும்பாலும் உயிரைக் குடித்தன. பிழைத்த தாயின் பிள்ளையும் பல வேளைகளில் ஒரு வாரம் தாண்டுவதில்லை. தொப்புள் கொடியை மூங்கில் சிம்பால் அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பலோ மஞ்சளோ வைப்பது வழக்கமாக இருந்தது. டெட்டனஸ் கிருமி அந்த வழியாகத்தான் பச்சைப் பிள்ளையின் உடலில் புகுந்தது. பழமையின் பெருமை பேசும் மேடைகளில் இந்த மூங்கில் சிம்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் அதே மூங்கில் சிம்பைப் பிடித்த கைகளைத்தான் கம்பத்து மக்கள் நம்பினர். மலாய்க் கம்பங்களில் பிடான் என்றால் வெறும் பேறு பார்ப்பவர் அல்லர். ஏழாம் மாதத்தில் வயிற்றைத் தடவிச் சடங்கு செய்பவர் அவர்தான். பிள்ளை பிறந்த பின் 40 நாட்களுக்குத் தாயை உருவி, வயிற்றைத் துணியால் இறுகக் கட்டி, சூடாக்கிய கல்லால் ஒத்தடம் கொடுப்பவரும் அவர்தான். நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருவார். கொடுத்ததை வாங்கிக்கொள்வார்.

சிங்கப்பூரின் பாதை வேறு. அது நகரம். 1924-இல் 30 கட்டில்களுடன் மகப்பேற்று மருத்துவமனையான கண்டாங் கெர்பாவ், 1966-ஆம் ஆண்டில் மட்டும் 39,835 பிரசவங்களைப் பார்த்து உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம் பெற்றது. ஒரே கூரையின் கீழ் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள்! தீவுக்கு அது பொருந்தியது. ஆறும் செம்மண் பாதையும் குறுக்கே கிடந்த தீபகற்பத்திற்கு அது பொருந்தாது. வலி கண்ட பெண்ணைப் படகில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே மலாயா மருத்துவச்சியைப் பெண்ணின் வாசலுக்கே அனுப்பியது. 1950-களில் தொடங்கிய கிராமச் சுகாதாரத் திட்டத்தில் 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், 50,000 பேருக்கு ஒரு முதன்மைச் சுகாதார நிலையம் என்று வகுக்கப்பட்டது. கெடா மாநிலத்து ஜித்ராவில் இதற்கான பயிற்சிப் பள்ளி நடந்தது. மருத்துவச்சி நிலையத்திலேயே அவள் தங்குவதற்கும் இடம் இருந்தது. இந்தத் திட்டத்தின் உயிர்நாடி அதுதான். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வர ஆள் இருந்தாள்.

ஆனால் தட்டுவதற்கு ஆள் வர வேண்டுமே! பயிற்சி முடித்து வந்தவள் இருபது வயது கடந்த பெண். பலருக்குத் திருமணம்கூட ஆகியிருக்காது. அவளை நம்பி மகளை ஒப்படைக்க எந்தத் தாய் துணிவாள்? ஊரையே பெற்றெடுத்த கிழவி பக்கத்து வீட்டில் இருக்கும்போது, அரசாங்கச் சீருடை போட்ட சின்னப்பெண்ணை யார் அழைப்பார்கள்?

அதிகாரிகள் இங்கேதான் அறிவோடு நடந்துகொண்டனர். கிழவியை விரட்டவில்லை. கத்தரிக்கோல், கிருமிநாசினி, தொப்புள் கொடி கட்டும் நூல், சுத்தமான துணி ஆகியவை கொண்ட பெட்டி ஒன்றை அவருக்கும் கொடுத்தனர். பெட்டியில் பொருள் தீர்ந்தால் நிலையத்துக்கு வந்து நிரப்பிக்கொள்ளலாம். வரும்போது எந்த வீட்டில் யார் கருவுற்றிருக்கிறார், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். நாளடைவில் வேலை பிரிந்தது. பிள்ளை எடுப்பது அரசாங்க மருத்துவச்சியின் பொறுப்பு. சடங்கு, உருவுதல், ஆறுதல் சொல்லுதல் பிடானின் பொறுப்பு. ஒரே அறையில் இருவரும் இருந்தனர். சிக்கல் வந்தால் மருத்துவமனைக்குப் போகலாம் என்று கிழவியும் தலையசைத்தால்தான் குடும்பம் அசையும். அந்தத் தலையசைப்புக்காகவே அவரை உடன் வைத்துக்கொண்டது நல்ல முடிவு. 1966-இல் வந்த மருத்துவச்சிகள் சட்டமும், பதிவு பெறாதவர் பேறு பார்ப்பதைத் தடுத்த போதிலும், பழைய பிடான்களைத் தனிப் பட்டியலில் பதிந்துகொண்டு அவர்கள் காலம் முடியும்வரை தொழில் செய்ய விட்டது.

பலன் கணக்கில் தெரிந்தது. 1957-இல் ஒரு லட்சம் பிறப்புக்கு ஏறக்குறைய 280 ஆக இருந்த தாய் மரணம், 1970-இல் அதில் பாதியளவுக்கு இறங்கியது. அப்போதும் நாட்டில் மிகப் பல பிள்ளைகள் வீட்டில்தான் பிறந்துகொண்டிருந்தன என்பதை மறக்கக் கூடாது. உலக வங்கி 2003-இல் வெளியிட்ட ஆய்வு நூல் ஒன்று, ஏழ்மையிலும் தாய்மாரைக் காத்த இரு நாடுகள் என்று மலேசியாவையும் இலங்கையையும் எடுத்துக்காட்டியது. இரண்டிலும் மருத்துவச்சிதான் முதுகெலும்பு.

இந்தக் கதையில் தோட்டப்புறம் எங்கே என்று கேட்கத் தோன்றும். கம்பத்துக்குப் போன மருத்துவச்சி நிலையம் ரப்பர் தோட்டத்துக்குள் வரவில்லை. தோட்டம் தனியார் நிலம். அங்குள்ளவர் நலம் முதலாளியின் பொறுப்பு என்று அரசாங்கம் நின்றுகொண்டது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் இந்தியப் பெண் தொழிலாளர்களுக்குப் பேறுகால உதவித்தொகையை ஏற்படுத்தியது உண்மைதான். ஆனால் பிள்ளை எடுக்க வந்தவர் பெரும்பாலும் அதே லயத்தில் வாழ்ந்த மூத்த பெண்மணிதான். அவருக்கு மேலே தோட்டத்து டிரஸ்ஸர், அதற்கும் மேலே பல மைல் தள்ளி ஒரு மருத்துவமனை. நல்ல நிர்வாகம் வாய்த்த தோட்டத்தில் தாய் பிழைத்தாள். இல்லாத தோட்டத்தில் அவள் பாடு கடவுள் பாடு. பத்தியச் சாப்பாடு, வேது பிடித்தல், வெந்நீர் ஊற்றுதல் என்று லயத்து மருத்துவச்சி செய்த பணிவிடைகள் பிடானுடைய பணிவிடைகளுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஆனால் அவர் கையில் அந்தப் பெட்டியைக் கொடுத்து, மாதம் ஒருமுறை கூப்பிட்டுப் பேச, பக்கத்தில் சுகாதார நிலையம் இல்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் ஏறத்தாழ இதே குறைதான்.

1970-களுக்குப் பிறகு சாலைகள் வந்தன, பிரசவம் மருத்துவமனைக்கு நகர்ந்தது. எல்லாரையும் ஒரே மாதிரி மருத்துவரிடம் தள்ளாமல் இருக்க, மலேசியச் சுகாதார அமைச்சு கருவுற்ற தாயின் பதிவேட்டில் நிறக்குறி இடும் முறையைக் கொண்டுவந்தது. சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சள் என்றால் மருத்துவரின் பார்வை. பச்சை என்றால் சுகாதார நிலையத்தின் கவனிப்பு. வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். மருத்துவச்சியைத் தேடும் தம்பதியர் முதலில் கேட்க வேண்டியது அவருடைய கட்டணத்தையோ, வீட்டுக்கு வருவாரா என்பதையோ அல்ல. மனைவியின் ஏட்டில் என்ன நிறம்? அந்த மருத்துவச்சி பதிவு பெற்றவரா? உதிரம் நிற்காவிட்டால் எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நிமிடத்தில்?

டூலா என்று அழைக்கப்படும் துணையாளர்களையும் இங்கே பிரித்தறிய வேண்டும். முதுகைத் தடவி, மூச்சு விடச் சொல்லிக்கொடுத்து, பயம் போக்குவது அவர்கள் பணி. பிள்ளை எடுப்பது அவர்கள் பணி அல்ல. பழைய கம்பத்து அறையில் ஒரு மூலையில் பிடானும் மறுமூலையில் அரசாங்க மருத்துவச்சியும் இருந்தார்களே, அந்த இருவரில் ஒருவர் மட்டுமே இவர். மற்றவர் இல்லாமல் வீட்டில் பிள்ளை பெறத் துணிந்தவர்களைச் சுகாதார அமைச்சு 2010-களில் பலமுறை எச்சரித்தது.

பிடான்களின் தலைமுறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. அவர்கள் கைவேலை முழுதும் மறையவில்லை. 2007 முதல் மலேசியாவின் சில அரசாங்க மருத்துவமனைகளில் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் திறக்கப்பட்டன. பிள்ளை பெற்ற தாய்க்கு உருவுதலும், சூட்டு ஒத்தடமும், வயிற்றுக் கட்டும் அவற்றில் சிலவற்றின் சேவைப் பட்டியலில் இடம் பெற்றன.